கப்பலுக்குக் காத்திருக்காத கடாய்

அந்தமானில் கேரட்டும் குடமிளகாயும் கடல் தாண்டி வருகின்றன. கீரையும் கணவாயும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. பார்சல் கடையின் ருசியைக் குறைந்த எண்ணெயில், குறைந்த உப்பில், கால் மணி நேரத்தில் வீட்டிலேயே கொண்டுவர முடியுமா? முடியும். அதற்கு வேண்டியது புதிய பாட்டில்கள் அல்ல, தீயைப் பற்றிய கொஞ்சம் ஞானம்.

மாலை மங்கியதும் அந்தமான் தலைநகரின் கடைவீதிகளில் ஒரு சத்தம் கிளம்பும். இரும்புக் கடாயில் சட்டுவம் மோதும் ஓசை. கூடவே பூண்டும் சோயா சாஸும் சேர்ந்து எழுப்பும் மணம். ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன். அலுவலகம் முடிந்து திரும்புகிறவர்களின் கையில் பார்சல் பொட்டலம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. இந்தக் காட்சி மட்டும் மாறவில்லை. மதுரையிலும் திருச்சியிலும் இதே நேரத்தில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. மதுரைக் கடாயில் விழும் கேரட் மலையிலிருந்து லாரியில் இறங்கியிருக்கும். இங்கே விழும் கேரட்டும் குடமிளகாயும் முட்டைக்கோஸும் பெரும்பாலும் பெருநிலத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. சென்னைக்கும் இங்குள்ள ஹாடோ துறைமுகத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். பயணிகள் கப்பல் வந்து சேரச் சுமார் மூன்று நாள். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகிக் கப்பல் தாமதமானால் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விலையில் துள்ளும் என்பது தீவுவாசிகள் அனைவரும் அறிந்த பொருளாதாரப் பாடம்.

பார்சல் வாங்குவதைக் குற்றமாகச் சொல்வதில் அர்த்தமில்லை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரவுச் சமையல் என்பது பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழும் இரண்டாவது ஷிப்ட். அந்த ஒரு மணி நேரத்தைக் கடைக்காரர் விற்கிறார், களைத்தவர்கள் வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் பொட்டலத்தின் விலை ரூபாயில் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொன்ன கணக்கு இது: அந்தமான் நிகோபார் ஆண்களில் சுமார் 45 சதவீதத்தினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இந்தியாவின் மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் அனைத்திலும் இதுவே மிக அதிகம். அகில இந்திய அளவு சுமார் 23 சதவீதம்தான். தீவுப் பெண்களில் 38 சதவீதத்தினர் இந்த நிலையில் இருந்தார்கள். கார் நிகோபார் தீவின் பழங்குடியினரிடையே செய்யப்பட்டு 2011இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, வயதுவந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதைக் காட்டியது. இவற்றுக்கெல்லாம் ஃபிரைடு ரைஸ்தான் காரணம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆனால் எடை கூடியவருக்கும் ரத்த அழுத்தம் ஏறியவருக்கும் மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரை ஒன்றுதான்: எண்ணெயைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள். பார்சல் பொட்டலம் பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் எதிர்த்திசையில் போகிறது.

உப்பு ஒளிந்திருக்கும் இடம்

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூன். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸில் சராசரியாக 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்புக் கணக்கில் சொன்னால் அது இரண்டேகால் கிராமுக்கு மேல். ஒரே கரண்டியில் ஒரு நாள் அளவில் பாதி தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் சில்லி சாஸ், தக்காளி சாஸ், தனியாக ஒரு சிட்டிகை உப்பு, பிறகு அஜினமோட்டோ.

அஜினமோட்டோ விஷயத்தில் பயம் உண்மையைவிடப் பெரியது. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த ருசி அது. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு கடிதம், சீன உணவு சாப்பிட்டால் வரும் படபடப்புக்கு அதைச் சந்தேகித்தது. அன்று தொடங்கிய பயம் இன்றும் தொடர்கிறது. பிறகு நடந்த கட்டுப்பாடான சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு உறுதியாக நிரூபணமாகவில்லை. அதில் சோடியம் இருப்பது என்னவோ உண்மை. எடைக்கு எடை பார்த்தால் சாப்பாட்டு உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. சிக்கல் ஒரு வெள்ளைப் பொடியில் இல்லை, எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கொட்டுவதில் இருக்கிறது.

எண்ணெய்க் கதையும் அப்படியே. கோழித் துண்டு முதலில் மாவில் புரண்டு எண்ணெயில் பொரிகிறது. பிறகு மறுபடியும் எண்ணெய் ஊற்றிய கடாயில் சாஸோடு புரள்கிறது. காய்கறியோ அலங்காரத்துக்கு நாலு துண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சொல்லும் காய்கறி, கீரை அளவு 400 கிராம். அந்த நாலு துண்டில் அது எட்டாது.

தீயின் சூட்சுமம்

இத்தனைக்கும் இந்தச் சமையல் முறை அடிப்படையில் ஆரோக்கியமானது. சிறிதாக நறுக்கிய காய்களை மிகுந்த சூட்டில், கொஞ்சம் எண்ணெயில், இடைவிடாமல் கிளறிச் சில நிமிடங்களில் இறக்கிவிடுவது. சீனத்தில் இதற்குச் ‘சாவ்’ என்று பெயர். ஆங்கிலத்தில் ‘ஸ்டிர் ஃபிரை’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பூவே யாங் சாவோ என்ற சீனப் பெண்மணி. 1945இல் அமெரிக்காவில் சீனச் சமையல் நூலை வெளியிட்ட அவர், படிப்பால் மருத்துவர்.

நம் பொரியலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பொரியலில் தாளித்து, காயைப் போட்டு, நீர் தெளித்து, மூடி வைத்து மிதமான தீயில் வேகவிடுகிறோம். இதில் மூடியும் இல்லை, நீரும் இல்லை. காயிலிருந்து கசியும் ஈரம் அந்தக் கணமே ஆவியாகிவிட வேண்டும். அப்போதுதான் காயின் மேல்புறம் லேசாகச் சிவந்து, உள்ளே நறுக்கென்று இருக்கும்.

வீட்டில் செய்யும்போது பலருக்கும் இது கூட்டுபோலக் குழைந்துவிடுவதற்குக் காரணம் கைப்பக்குவம் அல்ல, பௌதிகம். கடைக்காரரின் அடுப்பு வீட்டு எரிவாயு அடுப்பைவிடப் பல மடங்கு சூடு தருவது. வீட்டு அடுப்பில் அரைக் கிலோ காயை ஒரே நேரத்தில் கொட்டினால் கடாய் சட்டென்று குளிர்ந்துவிடும். கசிந்த நீர் ஆவியாக முடியாமல் தேங்கும். காய் தன் நீரிலேயே வேகும். உடனே ருசி போதவில்லை என்று சாஸை ஊற்றுகிறோம். உப்பு ஏறுவது இந்த இடத்தில்தான்.

வழி எளிது. கனமான இரும்புக் கடாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது சூட்டைத் தேக்கிவைக்கும். நான்ஸ்டிக் பாத்திரம் இதற்கு ஆகாது. வெறுமனே அதிகச் சூட்டில் வைத்தால் அதன் பூச்சு கெடும். இரண்டு சொட்டு நீர் தெளித்தால் அவை உருண்டோடி மறையும் அளவுக்குக் கடாய் காய வேண்டும். பிறகு எண்ணெய். கடலை எண்ணெயோ சுத்திகரித்த வேறு எண்ணெயோ நல்லது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் சீக்கிரம் புகையும். காயை இரண்டு, மூன்று தவணையாக வதக்குங்கள். கழுவிய காயை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். இவ்வளவுதான் சூட்சுமம். தீ சரியாக இருந்தால் ருசியில் பாதி அதிலேயே வந்துவிடும். பாட்டிலை நாடும் அவசியம் குறையும்.

கேரட் கட்டாயமா?

இந்த முறைக்கு இந்தக் காய்தான் வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. கேரட், குடமிளகாய், முட்டைக்கோஸ் கூட்டணி இந்தியக் கடைகள் உண்டாக்கிய வழக்கம். அந்தமானில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அர்த்தம் இருக்கிறது. மழையும் புழுக்கமும் நிறைந்த இந்தத் தீவுகளில் தக்காளி போன்றவற்றை வளர்ப்பது கஷ்டம்; மண்ணில் இருக்கும் பாக்டீரியா வாடல் நோய் வேறு. ஆனால் இதே மழையில் கொடிப்பசலை வேலியெல்லாம் ஏறும். காராமணிக்காய், வெண்டை, புடலை, பீர்க்கு, சிவப்புத் தண்டுக்கீரை, பப்பாளி ஆகியவற்றுக்கும் இந்தத் தட்பவெப்பம் இசைவானது.

1978இல் இங்கு நிறுவப்பட்ட மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் (இப்போது மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்) இந்த உள்ளூர்க் கீரைகளையே ஆராய்ந்து பசலை, தண்டுக்கீரை ஆகியவற்றில் தேர்ந்தெடுத்த ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அதன் பட்டியலில் இன்னொரு செடியும் உண்டு. இங்கே அதற்குப் பர்மா தனியா என்று பெயர். நீண்ட, ஓரம் ரம்பம்போன்ற இலை. மணம் கொத்தமல்லியின் மணம்தான், ஆனால் பல மடங்கு வீரியம். கொத்தமல்லித் தழை சூட்டில் மணத்தை இழந்துவிடும். இது இழக்காது. கடாயில் போடுவதற்கென்றே பிறந்த இலை.

பெயரே சொல்வதுபோல் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரமும் இருக்கிறது. அந்தமானின் வடகோடிக்குச் சென்னைக் கரையைவிடப் பர்மாக் கரை அருகில். 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்துக்குப் பர்மாவிலிருந்தும் கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். 1925இல் கரேன் இனத்தவர் பர்மாவிலிருந்து வந்து மத்திய அந்தமானில் மாயாபந்தர் அருகே வெபி கிராமத்தில் குடியேறினார்கள். இலைதழைகளின் வாசனையை நம்பிய ஒரு சமையல் இப்படித்தான் தீவில் வேரூன்றியது.

தமிழர்களுக்கு அந்தச் சமையல் அந்நியமும் அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் 3.8 லட்சம் மக்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கடலின் அந்தப் பக்கம், 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் சென்னைக்குக் கொண்டுவந்த அத்தோ, பாரிமுனை வட்டாரத்தில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறக் கடைகளில் இன்றும் விற்பனையாகிறது. நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, பூண்டு எண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையால் பிசைந்து தருவார்கள். அது வதக்கல் அல்ல. ஆனால் வதக்கலுக்கு ஒரு பாடம் சொல்கிறது. புளிப்பும் பூண்டும் காரமும் சரியாக அமைந்தால் நாக்கு உப்பைத் தேடாது.

கால் மணி நேரக் கணக்கு

நான்கு பேருக்கான அளவு இது.

கணவாய் அல்லது இறால் கால் கிலோ. காராமணிக்காய் 150 கிராம். தோல் சீவிய பப்பாளிக்காய் 150 கிராம். பெரிய வெங்காயம் ஒன்று. கொடிப்பசலை ஒரு கட்டு. பூண்டு ஆறு பல். இஞ்சி ஒரு அங்குலத் துண்டு. பச்சைமிளகாய் இரண்டு. பர்மா தனியா நான்கு இலை. அது கிடைக்காத ஊர்களில் ஒரு கைப்பிடி கொத்தமல்லியை இறக்கிய பிறகு தூவலாம். எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன்.

சாஸுக்கு: சோயா சாஸ் ஒரே ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், சோள மாவு ஒரு டீஸ்பூன், தண்ணீர் நாலு டேபிள்ஸ்பூன். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கலந்து வைத்துவிடுங்கள். தனி உப்பு வேண்டாம்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் நறுக்கும் வேலை முழுவதும் முடிந்திருக்க வேண்டும். நடுவில் பூண்டு உரிக்க நேரமிருக்காது. காராமணிக்காயை விரல் நீளத்துக்கு, பப்பாளியைத் தீக்குச்சிபோல, வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்குங்கள். பசலைத் தண்டையும் இலையையும் தனித்தனியே பிரித்துத் தண்டைப் பொடியாக நறுக்குங்கள். கணவாயைச் சுத்தம் செய்து வளையங்களாக்கி ஈரம் போகத் துடையுங்கள்.

கடாய் நன்கு காய்ந்ததும் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டுக் கணவாயைப் போடுங்கள். ஒன்றரை, இரண்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கணவாய்க்கு ஒரு குணம். இரண்டு நிமிடத்தில் மிருதுவாக இருக்கும். தாண்டினால் ரப்பராகும். பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் வெந்தால்தான் மறுபடி இளகும். எடுத்துத் தட்டில் வையுங்கள். இறாலானால் நிறம் மாறிச் சுருண்டதும் எடுத்துவிடலாம்.

கடாயை மீண்டும் காயவைத்து, மேலும் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் காராமணிக்காயையும் பசலைத் தண்டையும் இரண்டு, மூன்று நிமிடம் கிளறுங்கள். அதையும் எடுத்து வைத்துவிட்டு, மீதி எண்ணெயில் வெங்காயமும் பப்பாளியும். ஒரு நிமிடம் கழித்து அவற்றை ஓரம் ஒதுக்கி நடுவில் பூண்டு, இஞ்சி, மிளகாய். பூண்டை முதலிலேயே போட்டால் இந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். மணம் வந்ததும் எடுத்து வைத்த காய்களையும் கணவாயையும் சேர்த்து, சாஸைக் கலக்கி ஊற்றுங்கள். அரை நிமிடத்தில் அது கெட்டியாகிக் காய்களின் மேல் பளபளவென்று ஒட்டும். கடைசியாகப் பசலை இலையும் நறுக்கிய பர்மா தனியாவும். நாலு கிளறு, அடுப்பை அணைத்துவிடலாம். பசலையை முன்னதாகப் போட்டால் அதன் வழவழப்பு மொத்தத்தையும் கெடுக்கும்.

அடுப்பில் ஆகும் நேரம் ஏழெட்டு நிமிடம். நறுக்குவதை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் எல்லாம் சேர்த்துக் கால் மணி. அந்த இரண்டாவது ஆள் வீட்டு ஆண்மகனாக இருப்பதில் தவறேதும் இல்லை. சாஸ் வழியாக ஒருவருக்குச் சேரும் உப்பு சுமார் 0.6 கிராம். எண்ணெய் அரை டேபிள்ஸ்பூன். காய்கறியும் கீரையுமாக ஒருவருக்கு 140 கிராம் அளவுக்குக் கிடைத்துவிடும். நாளின் தேவையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே வேளையில்.

சைவர்கள் கணவாய்க்குப் பதில் பனீர் துண்டுகளையோ வறுத்த வேர்க்கடலையையோ சேர்க்கலாம். வேர்க்கடலையை இறக்கும்போதுதான் தூவ வேண்டும். முட்டை சாப்பிடுகிறவர்கள் மூன்று முட்டையைத் தனியே கிளறி எடுத்துக் கடைசியில் கலக்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் இருப்பவர்களுக்கு, தங்கள் சந்தையில் அன்று மலிவாக இருக்கும் காயே சரியான காய். விதி ஒன்றுதான்: கெட்டியானது முதலில், இளசானது பிறகு, இலை கடைசியில்.

பழைய சோறு கவனம்

இதைச் சோற்றோடு கலந்து ஃபிரைடு ரைஸாகச் செய்ய விரும்பினால் ஒரு எச்சரிக்கை. ஆறிய சோறுதான் இதற்கு ஏற்றது. குளிர்ந்ததும் சோற்றின் மாவுச்சத்து இறுகி, பருக்கை தனித்தனியாக நிற்கும். ஆனால் அந்தமான் போன்ற புழுக்கமான இடத்தில் காலையில் வடித்த சோற்றை இரவுவரை வெளியே வைத்திருப்பது ஆபத்து. சோற்றில் பிழைத்திருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஒரு பங்கு சோற்றுக்கு இரண்டு பங்கு காய் என்ற விகிதம் நல்லது. கடையில் இது தலைகீழ்.

பார்சல் கடை எங்கும் போய்விடாது. போகவும் வேண்டாம். மாதத்தில் இரண்டொரு நாள் அங்கிருந்து வாங்கிச் சாப்பிடுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடப்போவதில்லை. வாரத்தில் நாலு நாள் என்று ஆகும்போதுதான் கணக்கு உதைக்கிறது. தீவுக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு லாபமும் உண்டு. வேலியில் படர்ந்த பசலையும், ஜங்லிகாட் துறையில் இறங்கும் மீனும் வானிலை அறிக்கை கேட்டு விலை ஏறும் பெருநிலத்துக் கேரட்டுக்குக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கப்பல் தாமதமாகட்டும். கடாய் காய்ந்துவிட்டது.